முதலில் குழாய், பிறகுதான் நூலகமா?

அண்மையில் ராஜபாளையத்தில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், ஆலைத் தொழிலாளர் வாழும் பகுதி ஒன்றுக்கு நூலகம் வேண்டும் என்று பேசினேன். நெடுநாள் நண்பர் ஒருவர் எழுந்து, "அந்தச் சனங்களுக்கு முதலில் தண்ணீரும் கழிப்பறையும் கொடுங்கள், புத்தகம் அப்புறம்" என்றார். அவை கைதட்டியது. கைதட்டியவர்களில் பாதிப் பேர் சிற்றிதழ் வாசகர்கள் என்பதால்தான் இதை எழுத நேர்கிறது.

நான் குறிப்பிட்ட பகுதியை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். நூற்பாலைகளில் மூன்று ஷிப்டுகளிலும் உழைப்பவர்கள், சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவத் துணி நெய்யப் போகிறவர்கள், கொத்தனார்கள், சித்தாள்கள் வாழும் தெருக்கள் அவை. வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழுமாகப் பேசும் குடும்பங்கள் உண்டு. அம்மன் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றின் ஒலிபெருக்கிகளும் ஒரே தெருவில் கேட்கும். அண்மை ஆண்டுகளில் இந்தி பேசும் இளைஞர்களும் ஒற்றை அறைகளில் குடியேறியிருக்கிறார்கள். பொது வசதிகள் என்று சொன்னால் தெருக்குழாய், பொதுக் கழிப்பறை, ரேஷன் கடை, அங்கன்வாடி. தண்ணீர் வரும் நாளில் ஒருவர் வேலைக்குப் போகாமல் குடங்களோடு காத்திருக்க வேண்டும். ஆகவே நண்பரின் கூற்றில் பாதி உண்மை. மறுபாதிதான் ஆபத்தானது.

முதலாவதாக, நூலகத்தை மறுத்தால் அந்தப் பணம் குழாயாக மாறிவிடும் என்பது அறியாமை. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. உள்ளாட்சி அமைப்பு வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பணம் அது. குடிநீருக்கோ சாக்கடைக்கோ உரியதன்று. ஒற்றை அறையில் குடியிருப்பவரும் வாடகை வழியே அதைச் செலுத்துகிறார். எனவே அவர் கேட்பது தானம் அல்ல, கொடுத்த காசுக்குக் கணக்கு. அந்தச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது மாகாண ஆட்சிக்குத் தலைமை வகித்தவர் இந்த ஊர்க்காரரான பூ.ச. குமாரசுவாமி ராஜா. தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் ஊரில்தான் இந்தக் கைதட்டல்!

இரண்டாவதாக, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875இல் தொடங்கப்பட்டது. அன்று அவ்வூரில் வீட்டுக்கு வீடு குழாய் இருந்ததா? இல்லை. ஆயினும் "முதலில் தண்ணீர்" என்று சொல்லி யாரும் அதை நிறுத்திவைக்கவில்லை. படித்தவர்கள் தமக்கென நூலகம் அமைத்தால் அது பண்பாடு. உழைப்பவர்கள் கேட்டால் மட்டும் அது ஆடம்பரமாகிவிடுகிறது.

என் மாணவி ஒருத்தி அந்தப் பகுதியிலிருந்து வருகிறாள். ஐந்து பேர் ஓர் அறையில். இரவு ஷிப்டு முடிந்து வந்த தந்தை பகலில் உறங்கவேண்டும் என்பதால் விடுமுறை நாளிலும் வாய்விட்டுப் படிக்க முடியாது. அவளுக்கு நூலகம் என்பது முதலில் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, இரண்டு மணி நேர அமைதி. புத்தகம் அதற்குப் பிறகுதான். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வகுத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். ஷிப்டு நேரம் அறியாத நூலகமும், பேருந்தேறிப் போகவேண்டிய நூலகமும் அவளைப் பொறுத்தவரை பூட்டிய நூலகங்களே.

நம்மிடமும் ஒரு கேள்வி உண்டு. கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதாவைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா. இரு மொழிகள் ஒரே முற்றத்தில் புழங்கும் ஊரின் கொடை அது. அத்தகைய முற்றங்கள் அந்தத் தெருக்களிலும் இருக்கின்றன. ஆனால் அம்மக்களை நாம் நம் கதைகளின் மாந்தர்களாக விரும்பும் அளவுக்கு, நம் வாசகர்களாக விரும்புகிறோமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. அந்தப் பகுதியில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஒப்படைக்கப்பட்டது எவ்வளவு என்று கேட்டு மனு எழுதியிருக்கிறேன். குடிநீருக்கும் தனி மனு தயாராக உள்ளது. அன்று கைதட்டிய நண்பர்கள் இரண்டில் எதை வேண்டுமானாலும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் இரண்டிலும் கையெழுத்திடட்டும்.