“எனக்கு வரைய வராது” என்று ஒதுங்க வேண்டாம்

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்றே பேச்சு ஓடும். எப்போதாவது கட்டடக்கலை என்ற பெயர் வந்தால், பிள்ளையே முந்திக்கொண்டு “எனக்கு வரைய வராது” என்று சொல்லிவிடும். பெற்றோரும் சரியென்று அடுத்த படிப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். கணிதமும் இயற்பியலும் நன்றாக வரும் மாணவர் பலர் இப்படி ஒரே வாக்கியத்தில் ஒரு துறையையே விட்டுவிடுகிறார்கள். அந்த வாக்கியத்துக்கு அறிவியல் ஆதாரம் மிகக் குறைவு என்பதே என் கருத்து.

முதலில் தேர்வு முறையைப் பார்ப்போம். இந்தியாவில் கட்டடக்கலை மன்றம் நடத்தும் ‘நாட்டா’ தேர்வைப்போல, நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே நுழைவுத் தேர்வு மலேசியாவில் இல்லை. இங்கே நேர்முகத் தேர்வு, அங்கேயே உட்கார்ந்து வரையும் சோதனை, முன்பே செய்த படைப்புகளின் தொகுப்பு ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ கேட்பார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இது மாறும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவர்களும் நேர்முகத்துக்கோ திறன் சோதனைக்கோ தயாராக இருப்பது நல்லது. பொதுவான பாடத்திட்டம் இல்லாததால், குடும்பத்தில் ஒரு கட்டடக்கலைஞர் இருக்கும் மாணவருக்கு என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிகிறது. மற்றவர்களுக்கு அழைப்புக் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது. பள்ளியில் ‘லுக்கிசான் கெஜுருதெரான்’ எனும் பொறியியல் வரைபடப் பாடம் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்கும். ஆனால் அந்தப் பாடம் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை.

இந்தச் சோதனைகளில் என்னதான் அளக்கிறார்கள்? அழகான ஓவியத்தை என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தேடப்படுவது வேறொரு திறன். ஒரு பொருளை மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்ப்பது, வெட்டிப் பார்ப்பது, மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஊகிப்பது ஆகியவை அதில் அடங்கும். இதை உளவியலில் இடஞ்சார் திறன் என்கிறார்கள். கை செய்யும் வேலையைவிடக் கண்ணும் மூளையும் செய்யும் வேலை இதில் அதிகம்.

இந்தத் திறன் மூளையில் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வு 1971ஆம் ஆண்டு வெளிவந்தது. ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், சிறு கனசதுரங்களை ஒட்டிச் செய்ததுபோன்ற இரண்டு உருவங்களின் படங்களைக் காட்டி, “இரண்டும் ஒன்றா, வேறா?” என்று கேட்டார்கள். ஓர் உருவம் மற்றதிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருந்ததோ, அதற்கேற்ப விடை சொல்லும் நேரமும் சீராகக் கூடியது. அதாவது மனம் அந்த உருவத்தை உண்மையான பொருளைப்போலவே, ஏறத்தாழ நொடிக்கு 60 பாகை வேகத்தில், சுழற்றிப் பார்க்கிறது.

இந்த வேகமும் துல்லியமும் பிறவியிலேயே அமைந்துவிட்டவையா? இல்லை என்பதற்கு வலுவான சான்று உண்டு. டேவிட் உட்டல் குழுவினர் 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், பயிற்சி எடுத்தவர்களின் இடஞ்சார் திறன் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததையும், பயிற்சி முடிந்த பிறகும் அந்தப் பலன் நீடித்ததையும் காட்டினார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர் 1993இல் இதை வகுப்பறையிலேயே செய்து பார்த்தார். பொறியியல் முதலாண்டு மாணவர்களில் இத்திறன் குறைந்தவர்களுக்குத் தனிப் பாடம் நடத்தினார். அவர்களில் பெண்களின் பங்கு அதிகம். பாடத்தை எடுத்தவர்களின் திறனும் மதிப்பெண்ணும் உயர்ந்தன. “பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று இன்னும் கேட்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே பயிற்சி தேவை. ஆனால் எந்தப் பயிற்சி? தேர்வுக்கு முந்திய வாரங்களில் பலர் செய்வது, நாலைந்து ஆயத்தப் படங்களை மனப்பாடம் செய்வதுதான். கடற்கரையில் இரண்டு தென்னை மரங்கள், ஒரு தெருமூலை, மாடிப்படியோடு ஒரு வரவேற்பறை. கேள்வி எதுவாக இருந்தாலும் அவற்றில் ஒன்றை இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கை. “நீங்கள் ஓர் எறும்பு. இந்த மேசையின் அடியில் நின்று பார்த்தால் என்ன தெரியும், வரைக” என்று கேட்டால் அந்த நம்பிக்கை அங்கேயே கவிழ்ந்துவிடும். மனப்பாடம் செய்த படத்தில் பார்வையிடம் ஒன்றுதான். சோதிப்பவர் மாற்றுவதே அந்தப் பார்வையிடத்தைத்தான்.

இதற்குப் பதிலாக நான்கு பயிற்சிகளைச் சொல்வேன். நான்குக்கும் சேர்த்துத் தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், அளவுநாடா, கத்தி, ஒரு கம்பு.

முதலாவது, கண்மட்டம். பழைய கடைவீடுகளின் வரிசைக்கு முன்னால், அஞ்சடியில் நின்று நீளவாக்கில் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு மேலே உள்ள கோடுகள் தொலைவு போகப் போகத் தாழும், கீழே உள்ளவை ஏறும். எல்லாம் உங்கள் கண்மட்டத்தில் ஒரு புள்ளியில் கூடும். உட்கார்ந்து பாருங்கள், அந்தப் புள்ளியும் கூடவே இறங்கும். சமதரையில் நிற்கும் உங்கள் உயரமுள்ள மனிதர்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அவர்கள் கண்கள் அதே கோட்டில்தான் இருக்கும். தூரத்தில் இருப்பவரின் கால்தான் படத்தில் மேலே ஏறும். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால், மனிதர்கள் காற்றில் மிதப்பதுபோல வரையும் தவறு போய்விடும்.

இரண்டாவது, வெட்டுமுகம். ஓர் உருளைக்கிழங்கைக் கனசதுரமாகச் செதுக்குங்கள். மூலையைச் சீவினால் முக்கோணம் கிடைக்கும். பக்கத்துக்கு இணையாக வெட்டினால் சதுரம். அறுகோணம் கிடைக்குமா? எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக, நட்டநடுவில் வெட்டினால் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கு முன்பே விடையை வரைந்துவிட வேண்டும், பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். ஊகம் தவறும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. பிறகு இந்தப் புதிரைப் போட்டுப் பாருங்கள்: ஆறு முகங்களிலும் சாயம் பூசிய கனசதுரத்தை 27 சம கனசதுரங்களாக வெட்டினால், சரியாக இரண்டு முகங்களில் மட்டும் சாயம் உள்ளவை எத்தனை? விளிம்புகளை எண்ணினால் 12 என்று வந்துவிடும்.

மூன்றாவது, அளவு. நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு ஒருசீர் கட்டடத் துணைச்சட்டங்கள், படிக்கட்டின் ஒரு படி 180 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மிதிக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கின்றன. உங்கள் பள்ளிப் படிக்கட்டை அளந்து பாருங்கள். கதவு, மேசை, சன்னல் திட்டு என எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். ஒரு மாதத்தில், அளக்காமலே நீளத்தைச் சொல்லக் கண் பழகிவிடும்.

நான்காவது, நிழல். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 பாகை வடக்கே உள்ளது. இங்கே ஜூனிலும் டிசம்பரிலும் சூரியன் உச்சத்துக்கு வருவது பிற்பகல் 1.15 மணியை ஒட்டித்தான். அந்நேரத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டால், ஜூன் பிற்பகுதியில் நிழல் ஏறக்குறைய 37 செண்டிமீட்டர் நீளத்துக்குத் தெற்கே விழும். டிசம்பர் பிற்பகுதியில் ஏறக்குறைய 50 செண்டிமீட்டர் நீளத்துக்கு வடக்கே விழும். வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சிறிய கூரை நீட்டமே போதும், தாழ்ந்த வெயில் அடிக்கும் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு அது போதாது என்பது இதிலிருந்து தெரியவரும். இதை அளந்து பார்த்த மாணவர் நேர்முகத்தில் பேசும் விதமே வேறாக இருக்கும்.

எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை என்பது உண்மை. சிறுவயதில் கட்டைகளை அடுக்கி விளையாடிய பிள்ளைக்கு முன்னோட்டம் இருக்கும். பயிற்சி அந்த வேறுபாட்டை முழுதாக அழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இடஞ்சார் திறன் மட்டும் இருந்தால் நல்ல கட்டடக்கலைஞர் ஆகிவிடலாம் என்றும் சொல்லவில்லை. மக்களின் தேவையைக் கேட்டறியும் பொறுமையும், செலவுக் கணக்கும், நீண்ட படிப்பைத் தாங்கும் உறுதியும் வேண்டும். தேர்ச்சி மதிப்பெண்ணும் வேண்டும். ஆனால் நுழைவாயிலில் நிற்கும் அந்த ஒரு தடை, சில மாத உழைப்பில் தாண்டக்கூடியது. அதைத் தாண்ட முடியாததாக நினைத்துத் திரும்பிவிடக்கூடாது.

இதில் பள்ளிகளுக்கும் நம் இயக்கங்களுக்கும் வேலை இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வுக்காகக் கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் தன்முனைப்பு வகுப்புகள் நடத்துகிறோம். அவற்றோடு வாரம் ஒரு மணி நேரம், படிவம் நான்கிலிருந்தே, மேலே சொன்ன பயிற்சிகளுக்கு ஒதுக்கலாம். கட்டடக்கலை படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் வந்து வழிகாட்டலாம். படைப்புத் தொகுப்பு என்றால் என்ன, நேர்முகத்தில் எப்படிப் பேச வேண்டும் என்பதை அவர்களைவிட நன்றாக வேறு யார் சொல்ல முடியும்? கட்டணம் கட்டி ஓவிய வகுப்புக்கு அனுப்ப வசதியில்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதுதான் உண்மையான உதவி.

கட்டடக்கலையில் சேர விரும்பாதவர்களுக்கும் இது வீண்போகாது. வேதியியலில் மூலக்கூறின் வடிவத்தைப் புரிந்துகொள்ளவும், எக்ஸ்ரே படத்தைப் படிக்கவும், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டவும் இதே திறன்தான் வேண்டும். எனவே மாணவர்களே, வரைய வராது என்று சொல்வதற்கு முன் மூன்று மாதம் தினமும் 20 நிமிடம் ஒதுக்கி, கண்ணில் பட்டதை அளந்து, ஊகித்து, வரைந்து பாருங்கள். அதன் பிறகும் கட்டடக்கலை வேண்டாம் என்று தோன்றினால், அது நீங்களே முயன்று பார்த்து எடுத்த முடிவாக இருக்கும்.