மிதிவெடி நிலத்தில் நிற்பவரிடம் மறைக்காதீர்கள்

2028 ஜூன் 1 ஆம் திகதிக்குள் தன் மண்ணில் மிதிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டிய கடமை இலங்கைக்கு இருக்கிறது. 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தபோது நாடு ஏற்றுக்கொண்ட கெடு அது. அந்த நாள் வரவேண்டும் என்று கும்பிடாத குடும்பம் வன்னியில் இல்லை. ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மிதிவெடி அகற்றிச் சம்பளம் எடுக்கிறவர்களின் வேலையும் அதோடு முடிகிறது. வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறார்களோ அவ்வளவு விரைவாக அதை இழக்கப்போகிறவர்கள் அவர்கள். அவர்களை உட்கார வைத்து இதைப் பற்றி யார் பேசியிருக்கிறார்கள்?

நானும் அந்த வேலை செய்தவள். மண் கிளறுகிறவளாகச் சேர்ந்து, பிறகு ஒரு குழுவுக்குப் பொறுப்பாக நின்றேன். திட்டம் முடிந்தபோது மற்றவர்களோடு சேர்த்து என்னையும் நிற்பாட்டினார்கள். இப்போது பரந்தனில் தையல் வேலை. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. ஆட்குறைப்பு வரும் காலத்தில் ஒரு மனுசியின் மனம் என்ன பாடுபடும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

முகமாலைப் பக்கம் போனவர்களுக்கு அந்த நிலம் தெரியும். போரில் இராணுவமும் புலிகளும் வருடக்கணக்காக எதிரெதிரே நின்ற முன்னரங்கு. அங்கே புதைத்த வெடிகளில் பலவற்றில் இரும்பு மிகக் குறைவு. கருவி கத்தும் என்று முழுக்க நம்ப முடியாது. அதனால் சில இடங்களில் நீளப் பிடி போட்ட றேக்கால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இழுத்துத்தான் பார்க்க வேண்டும். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, உடம்பில் பாரமான கவசம், மேலே வெயில். காலையிலிருந்து ஒரு மீற்றர் அகல ஓடையில் நிற்கிறவளுக்குத் தனக்கு முன்னால் உள்ள ஒரு சாண் மண்தான் உலகம். வீட்டு நினைவு வந்தால் ஓடையை விட்டு வெளியே வந்துவிடு என்றுதான் எங்களுக்குப் பழக்கினார்கள்.

இந்த வேலைக்கான பணம் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகள் ஒரு திட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும். ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும், டாஷ், ஷார்ப் போன்ற உள்நாட்டு நிறுவனங்களும் அதைக் கொண்டு ஆட்களை வைத்திருக்கும். ஆகவே திட்டம் முடிகிற காலம் நெருங்கினால் கதை தொடங்கும். “லிஸ்ட் போட்டாச்சாம்.” “இந்த முறை ரெண்டு ரீமை நிப்பாட்டுறாங்களாம்.” தேநீர் இடைவேளையில் வேறு பேச்சே இருக்காது.

அப்படி ஒரு காலத்தில் என் குழுவில் இருந்த ஒருத்தியை மறக்க முடியவில்லை. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், மோட்டார் சைக்கிளுக்கு லீசிங், கிழமைக்குக் கிழமை குழுக்கடன். வழக்கத்தில் நிதானமானவள். அந்த மாதம் அவளுடைய சதுர மீற்றர் கணக்கு ஏறிக்கொண்டே போனது. அலுவலகத்தில் சந்தோஷப்பட்டார்கள், போட்டி வந்தால் ஆட்கள் உற்சாகமாகத்தான் வேலை செய்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். நான் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். றேக் ஆழம் காணாமல் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே கூப்பிட்டுக் கேட்டேன். “கூடச் செய்தா என்னை வைச்சிருப்பினம் எண்டு நினைச்சன் அக்கா” என்றாள். அவளுக்குப் பின்னால் அந்த மண்ணில் வீடு கட்டிக் குடியிருக்கப்போகிற குடும்பத்தை நினைத்து எனக்குக் கை நடுங்கியது. அந்தத் துண்டை மறுபடி முழுதாகச் செய்வித்தோம்.

பயமும் ஆளை வேகமாக்கும். அந்த வேகத்தை ஊக்கம் என்று கணக்குப் போடுகிற நிர்வாகம் மிதிவெடி நிலத்தில் மட்டுமல்ல, உடைத் தொழிற்சாலையிலும் வங்கியிலும் இருக்கிறது. அங்கே பிழைத்தால் தையல் பிசகும், கணக்கு மாறும். எங்களிடம் பிழைத்தால் கால் போகும்.

அதே காலத்தில் எங்களை ஒரு மண்டபத்துக்கு அழைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். பந்து எறிந்து விளையாடினோம். எல்லோருக்கும் ரீசேட் கொடுத்தார்கள். நாங்கள் ஒரே குடும்பம் என்றார்கள். எங்கள் குழுப் பிள்ளைகள் கேட்க விரும்பியது ஒன்றே ஒன்று: யார், எப்போது? அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் கடிதம் வந்தது. நிற்பாட்டப்பட்டவர்கள் அழுததைவிட, மிஞ்சியவர்கள் அடுத்த நாள் காலை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கவசம் கட்டியதுதான் எனக்குக் கனத்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜோயல் புறொக்னர் 1980களிலிருந்தே இந்த மிஞ்சியவர்களைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். போனவர்களை எவ்வளவு நியாயமாக நடத்தினார்கள் என்பதைப் பார்த்துத்தான் இருப்பவர்கள் வேலையில் மனம் வைக்கிறார்கள் என்பது அவர் கண்டது. வன்னியில் அதை நான் கண்ணால் கண்டேன்.

இன்னொரு திட்டத்தில் வேறு மாதிரி நடந்தது. பொறுப்பதிகாரி தளத்துக்கே வந்து, மரத்தடியில் நின்று, “காசு மார்ச் வரைக்கும்தான் இருக்கு. பிறகு இத்தனை பேரைத்தான் வைச்சிருக்கேலும். கடைசியாச் சேர்ந்தவை முதல் போவினம்” என்று சொன்னார். அழுதோம். பிறகு ஈ.பி.எஃப். படிவம் எப்படி நிரப்புவது, சேவைக் கடிதம் தருவீர்களா என்று கேள்விகள் வந்தன. அவர் இருந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மிச்ச மாதங்களில் அந்தக் குழுக்களில் ஒரு பிழை வரவில்லை.

கொடுப்பவரே திடீரென்று கையை மூடினால் நிறுவனம் என்ன செய்யும் என்று கேட்கலாம். 2025 ஜனவரியில் அதுதான் நடந்தது. தன் பணத்தில் உலகெங்கும் நடந்த மிதிவெடி அகற்றும் வேலைகளை நிறுத்தி வைக்கும்படி அமெரிக்கா உத்தரவிட்டது. அப்படியான நேரத்திலும் தெரிந்ததைத் தெரிந்த அன்றே சொல்லலாம். இது எங்கள் வேலைக்கு மட்டும் உரியதல்ல. அதே வருடம் மே மாதம் கட்டுநாயக்காவில் நெக்ஸ்ட் ஆடைத் தொழிற்சாலை மூடியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நேற்றுவரை வேலைக்குப் போன ஒருவருக்கு, இனி வரவேண்டாம் என்பது திடீர்ச் செய்தியாக வரக்கூடாது.

சட்டம் ஓரளவு துணைக்கு இருக்கிறது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. ஆனால் காலம் குறித்த ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உரியது. ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டவர்கள் தங்களுக்கும் அது உண்டா என்று கேட்கவே தயங்குகிறார்கள். தங்கச்சிமார், தம்பிமார், கிடைத்த ஒவ்வொரு நியமனக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். தொழில் திணைக்களத்தில் போய்க் கேளுங்கள்.

வன்னியில் வேலைகள் பெரும்பாலும் அறிவிப்பில்லாமல்தான் முடிந்திருக்கின்றன. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1985 இல் போரால் நின்றது. 2008 செப்டம்பரில் ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டுப் போனபோது அவற்றில் வேலை செய்த எங்கள் ஆட்கள் ஒரே கிழமையில் வெறுங்கையோடு நின்றார்கள். இந்த முறை நாள் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. கெடு தள்ளிப்போனாலும் முடிவு வரத்தான் போகிறது. தெரிந்த நாளுக்கு ஆயத்தம் செய்யாமல் விட யாருக்கும் சாட்டு இல்லை.

தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையத்திடமும், மாவட்டச் செயலகங்களிடமும், பணம் கொடுக்கும் தூதரகங்களிடமும் கேட்கிறேன். இனி எழுதும் ஒவ்வொரு திட்டத்திலும் ஊழியர்களின் பணிக்கொடைக்கும் வேறு தொழில் பழகுவதற்கும் பணம் ஒதுக்குங்கள். பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயங்கள் வரும் என்று அரசாங்கம் சொல்கிறது. அங்கே ஆள் எடுக்கும்போது இவர்களுக்கு முதல் இடம் என்று இப்போதே எழுத்தில் தாருங்கள். எத்தனை பேர் எந்த மாதம் நிற்க வேண்டி வரும் என்பதைத் தளத்துக்குப் போய், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.