படுவான்கரைத் தாய்மார்

படுவான்கரையிலே நெல் விளைகிறது. பெரியாஸ்பத்திரியோ புளியந்தீவிலே இருக்கிறது. இடையே கிடப்பது வாவி. 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள் அங்கே பாதையேறியே கடந்தனர். பாலம் வந்தது, மகிழ்ந்தோம். ஆனால் மாரி வெள்ளம் வயல்வழித் தெருக்களை மூடும் நாட்களில், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அப்பாலத்தை வந்தடைவது எங்ஙனம்?

காரணத்தோடுதான் கேட்கிறோம். நச்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்துத் தாழ அமைந்துவிட்டால், ஏழெட்டு மாதத்தில், நோவேதுமின்றித் திடீரென உதிரம் பெருகும். நோவில்லை என்பதனாலேயே வீட்டார் ‘விடியட்டும், பார்ப்போம்’ என்றிருந்துவிடுகின்றனர். விடியும்வரை பொறுக்கும் நோயன்று இது. நச்சுக்கொடி பிரசவத்துக்கு முன்னரே கழன்றுவிடுவதோ இன்னும் வஞ்சகமானது. வயிறு கல்லாய் இறுகும். உதிரம் உள்ளேயே தேங்கி, வெளியே சிறிதளவே தெரியும்.

சத்திரசிகிச்சை வைத்தியர் கையிலே. அதற்கு முந்திய நேரமெல்லாம் தாதியின் கையிலே. தாயை இடப்பக்கம் சரித்துக் கிடத்திக் கால்மணிக்கொருமுறை நாடியும் இரத்த அழுத்தமும் பார்ப்பவள் அவள். நனைந்த துணிகளை எண்ணுபவள் அவள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டபடியே இரத்தம் ஆயத்தமாக்குவிப்பவளும் அவளே. நச்சுக்கொடி இருக்குமிடம் ஸ்கானில் தெரியுமுன் உள்ளே கைவிட்டுப் பரிசோதிக்க எவரையும் அவள் விடலாகாது. விரல் பட்டாலே உதிரம் ஆறாய்ப் பெருகக்கூடும். ‘பிள்ளை அசைகிறதா?’ என்று அவள் கேட்பது தாய்க்கு விளங்கும் தமிழாயிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

1945 ஐ அண்டிய ஆண்டுகளில் இலங்கையிலே உயிரோடு பிறந்த இலட்சம் குழந்தைகளுக்கு 1,500 க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். இன்று அத்தொகை ஐம்பதுக்கும் குறைவு. ஊரூராய் நடந்த மருத்துவிச்சிமாருக்கு இதிலே பெரும் பங்குண்டு. ஆயினும், சிசேரியன் பெருகப் பெருக, பழைய தழும்பிலே நச்சுக்கொடி வேரோடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் பெருகுகிறது.

போதனா வைத்தியசாலை கொழும்பின் பொறுப்பு. சிற்றாஸ்பத்திரிகள் மாகாணத்தின் பொறுப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்தது போதும். மட்டக்களப்பிலேயே தாதியர் கல்லூரி உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்திலே தாதியர் பட்டப்படிப்பும் உண்டு. அங்கு பயின்று வெளிவருவோரில் சிலரைப் படுவான்கரைக்கு, தங்க விடுதியும் கொடுத்து, நியமியுங்கள். நச்சுக்கொடி தாழ்ந்திருப்பதாக ஸ்கானில் கண்ட தாய்மார் 34 ஆம் கிழமை முதல் ஆஸ்பத்திரியின் அருகிலேயே தங்கியிருக்க ஓர் இல்லம் அமையுங்கள்.

போடியாருக்கும் கமக்காரருக்கும் ஒரு வார்த்தை. வேளாண்மை வெட்டு முடியட்டும் என்று காத்திராதீர்கள். உதிரம் கண்ட கணமே 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அம்புலன்ஸ் தாமதிக்குமென்றால் கிடைத்த வண்டியிலே ஏற்றுங்கள். கர்ப்பவதிக் குறிப்பேட்டையும் மறவாமல் கையோடு கொண்டுவாருங்கள். அவளது இரத்த வகை அதிலேதான் எழுதியிருக்கிறது.