மலிவான முதுமைக்கு யார் விலை கொடுப்பது?

கனடியப் பனிக்குத் தப்பி, செலவு குறைந்த மெக்சிக்கோவில் முதுமையைக் கழிக்கலாம் என்ற ஆசை இன்று புலம்பெயர் தமிழரிடையேயும் விதைக்கப்படுகின்றது. வாடகையின் மலிவைப் பேசுவோர் இழப்பைப் பேசுவதில்லை.

ஆறு மாதங்களுக்கு மேல் கனடாவைவிட்டு அகன்றிருந்தால், குறைந்த வருமானமுள்ள முதியோர்க்கான மேலதிக உதவித்தொகை நின்றுவிடும். 18 வயதின் பின் 20 ஆண்டுகள் அங்கு வாழாதோர்க்கு முதியோர் ஓய்வூதியமும் பொதுவாக நிறுத்தப்படும். பிள்ளைகளின் அழைப்பில் பிந்தி வந்த பெற்றோரே முதலில் பாதிக்கப்படுவர். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதியைத் தக்கவைக்க, 12 மாதங்களில் 153 நாட்களேனும் அம்மாகாணத்தில் இருத்தல் வேண்டும்.

ஆங்கிலத்திலேயே தன் நோவைச் சொல்லத் தடுமாறும் தாய், ஸ்பானிய மொழியில் எவ்வாறு சொல்வாள்?

வெயில்தான் வேண்டுமெனில் குளிர்காலத்தில் சென்று திரும்புங்கள். பெற்றோரின் உரிமைகளைக் கணக்கிடாமல் வீட்டை விற்காதீர்கள்!