பழைய கைவிளக்குக்குப் புதிய குழல்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், வாங்கிய பொருளை எளிதில் எறிந்துவிடும் வழக்கம் இல்லை. அவ்வாறு பல வீடுகளில் இன்னும் உழைத்து வருவது, கையில் எடுத்துச் செல்லும் பழைய குழல் விளக்கு. ஆனால் அதற்கு மாற்றுக் குழல் தேடுவது இன்று பெரும்பாடாகிவிட்டது.

நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் இரவில் இவ்விளக்கொளியில் ரவிக்கை தைத்துப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் கட்டுகிறார். குழல் அணைந்ததும் கடைக்குச் சென்று, "சிறிய டியூப்" என்று கேட்டு வாங்கி வந்தார். அது மூன்று அங்குலம் நீண்டிருந்தது. இரண்டு இரவு வேலை நின்றது. குறித்த நாளில் துணி கொடுக்க இயலவில்லை. இத்தகைய இடர் பிறருக்கு நேராதிருக்கவே இதனை எழுதுகிறேன்.

முதலில், பழுது குழலில்தானா என்று பாருங்கள். குழலின் இரு முனைகளும் நன்கு கறுத்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். முனைகள் கறுக்காமல் வெறுமனே கண்சிமிட்டினால், தனி ஸ்டார்ட்டர் உள்ள விளக்குகளில் அதனை முதலில் மாற்றுக, செலவு சொற்பம். பாட்டரி விளக்காயின், பாட்டரி தளர்ந்தாலும் ஒளி மங்கும்.

அடுத்து, குழலின் முனையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 'டி5' என்பது பருமன்: ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து அதில் ஐந்து பங்கு, அதாவது 16 மில்லிமீட்டர். இவ்வகையில், முட்கள் நீங்கலாக, 4 வாட் குழல் 136 மில்லிமீட்டர், 6 வாட் 212, 8 வாட் 288 நீளமுள்ளவை. வாட் மாறினால் நீளமும் மாறும். வளைந்த இரட்டைக் குழலாயின் முட்களை எண்ணுக. இரண்டு முள் உள்ளதில் ஸ்டார்ட்டர் அடியிலேயே அடங்கியிருக்கும். நான்கு முள் உள்ளதில் இராது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உதவாது.

எல்லாவற்றினும் மேலாக, பழைய குழலையே துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். மொழி தெரியாத கடைத்தெருவில் அதுவே நமக்குத் துபாஷி. மும்பையில் லோஹார் சால், டில்லியில் பாகீரத் பாலஸ், கல்கத்தாவில் எஸ்ரா தெரு ஆகியவை மின்பொருள் கடைகள் நிறைந்த இடங்கள்.

கிடைத்தால் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். குழல்களில் பாதரசம் உள்ளமையால், மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, அவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 இறுதிக்குள் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்தன. இந்தியாவும் அவ்வுடன்படிக்கையை 2018-இல் ஏற்ற நாடே. ஆகவே, குழல் கிடைக்காதபோது எல்.இ.டி. கைவிளக்குக்கு மாறுவதே அறிவுடைமை. பழைய கூட்டினுள் எல்.இ.டி. குழலைப் பொருத்த விரும்பினால், அது அவ்விளக்கின் சோக்குக்கு ஏற்றதுதானா என்பதை மின்தொழிலாளரிடம் கேட்டறிந்தே செய்க.

குழல் உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிச் சன்னல்களைத் திறந்து, பத்து நிமிடமேனும் விலகியிருங்கள். துடைப்பத்தால் பெருக்காது, கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் இடுக. ஓரறைக் குடித்தனத்தில் வாழும் நமக்கு, விளக்கைக் காப்பதைவிடக் குழந்தைகளைக் காப்பது முதற் கடமையன்றோ!