எஞ்சின் கெட்டால் குற்றவாளி யார்?

ஒரு மோட்டார் காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிட்டால், "வண்டிக்காரர் ஒழுங்காக ஆயில் மாற்றியிருக்க மாட்டார்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். பல சமயங்களில் அது உண்மைதான். ஆனால் எப்போதும் அதுவே உண்மை என்று கொள்வது விஞ்ஞான முறை ஆகாது. டர்போ பொருத்திய கார்களின் கதை இதற்கு நல்ல உதாரணம்.

டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகிறது அல்லவா? அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றலாம். அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம், சிலிண்டருக்குள் அதிகக் காற்றை அழுத்தி அனுப்பும். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினைப் போல உழைக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் இந்த இலாபத்துக்கு ஒரு விலை உண்டு. பெட்ரோல் எஞ்சினின் புகை 900 டிகிரி செல்சியஸையும் தாண்டும். டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு 1 இலட்சம் தடவைக்கு மேல் சுழலக்கூடியது. அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கில், உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. வேகமாக ஓட்டிவந்து எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். டர்போவின் வெப்பம் மட்டும் நிற்காது. அங்கே தங்கிய எண்ணெய் கருகிவிடும்.

வடை சுட்ட எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சினால் என்ன ஆகிறது? கறுத்து, தடித்து, வாணலியின் விளிம்பில் பிசுக்காக ஒட்டிக்கொள்கிறது. எஞ்சினுக்குள்ளும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. வெப்பமும் ஆக்ஸிஜனும் எண்ணெயைச் சிதைக்கின்றன. பிஸ்டனைக் கடந்து கசியும் வாயுக்களும், நீராவியும், எரியாத பெட்ரோலும் அதனுடன் கலக்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் சுமார் இரு மடங்காகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. அப்படியானால் 30 டிகிரி உயர்வு வேகத்தை எட்டு மடங்காக்கிவிடும்! அழுக்கைக் கரைத்து வைத்திருப்பதற்காக எண்ணெயில் சேர்த்த இரசாயனங்கள் தீர்ந்ததும், தார் போன்ற கசடு படிகிறது. அது எண்ணெய் பம்பின் சல்லடையை அடைத்தால் எண்ணெய் அழுத்தம் குறையும், படலம் அறும், உலோகம் உரசும், எஞ்சின் 'பிடித்துக்கொள்ளும்'.

இப்படிப்பட்ட கசடுத் தொல்லை 1998 முதல் 2004 வரையிலான ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸாட், 1997 முதல் 2004 வரையிலான ஆடி ஏ4 மாடல்களில், 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்டவற்றில் அமெரிக்காவில் பெரிய விவகாரமாயிற்று. 2004-ஆம் ஆண்டில் கம்பெனி இக்குறைக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டுகளாக நீட்டித்தது. ஆனால் அதைப் பெற, எண்ணெய் மாற்றியதற்கான சான்றுகளை உரிமையாளர் காட்ட வேண்டியிருந்தது. வழக்கு நீதிமன்றம் சென்று, 2011-இல் சமரசமாக முடிந்தது. ஸ்வீடன் நாட்டு சாப் கம்பெனியின் டர்போ கார்களிலும் அதே காலத்தில் கசடுத் தொல்லை எழுந்தது.

கம்பெனிகளின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. சொன்ன தரத்தில் எண்ணெய் ஊற்றாமலும், சொன்ன காலத்தில் மாற்றாமலும் இருந்தால் எந்த எஞ்சின்தான் தாங்கும்? எனினும் ஒரு கேள்வி கேட்போம். அசட்டையான உரிமையாளர்கள் ஒரு குறிப்பிட்ட மாடலை மட்டுமா தேடிப்போய் வாங்குகிறார்கள்? அவர்கள் எல்லாக் கார்களிலும் பரவித்தான் இருப்பார்கள். அப்படியிருக்க, ஒரு மாடலில் மட்டும் எஞ்சின்கள் மற்றவற்றைவிட அதிகமாகக் கெட்டால், அந்த வேறுபாட்டுக்கு அசட்டை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அந்த மாடலிலேயே ஏதோ இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார்க்கிறோமே, அதே தர்க்கம்தான் இது.

பத்து டன் தாங்கும் என்று பலகை வைத்த பாலம், பதினொரு டன் லாரி ஏறியதும் இடிந்துவிடுவதில்லை. மனிதர் தவறு செய்வர் என்பதை முன்கூட்டியே எண்ணி, பாதுகாப்புக்கென அதிகப்படி வலிமை வைத்தே பொறியாளர் கட்டுகிறார். எஞ்சினுக்கும் அந்த நியாயம் வேண்டும். எண்ணெய் தாராளமாக இருக்கட்டும்; டர்போவின் பேரிங்கைச் சுற்றி நீர் ஓடிக் குளிர்விக்கட்டும். 'இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை' என்று மட்டும் கையேட்டில் எழுதினால் போதாது. தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை; எண்ணெயில் சேர்ந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடுகின்றன. அத்தகைய காருக்குக் குறைந்த தூரத்திலேயே எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரே மாடலில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால், ரசீதைத் தேடும்படி உரிமையாளரை விரட்டுவதற்கு முன் வடிவமைப்பைச் சோதிப்பதே முறை.

இன்று நம் ஊர்ச் சாலைகளிலும் சிறிய டர்போ பெட்ரோல் கார்கள் ஓடுகின்றன. மாணவர்களே, உங்களில் சிலர் நாளை எஞ்சின் வடிவமைப்பீர்கள்; பலர் கார் ஓட்டுவீர்கள். ஓட்டுபவர் கையேட்டைப் படித்து, குறித்த தரத்து எண்ணெயைக் காலத்தில் மாற்றட்டும். விரைந்து வந்தபின் சற்று நேரம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்தட்டும். வடிவமைப்பவரோ, அவர் ஒருநாள் மறந்துபோவார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.