வீட்டைப் பார்க்குமுன் வீதியைப் பாருங்கள்!

மனிதனின் நற்பேறுகளுள் மூன்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன: விசாலமான இல்லம், நல்ல அண்டை வீட்டார், இதமான ஊர்தி. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இம்மூன்றும், இன்று சென்னையில் வாடகை வீடு தேடி அலைபவர் கையில் வைத்துக்கொள்ளத் தக்க பட்டியல் அல்லவா? மூன்றும் சேர்த்தே சொல்லப்பட்டன. நம்மவரோ ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றவற்றை நழுவவிடுகின்றனர். அந்த இழப்பின் சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது.

ஊரிலிருந்து தலைநகருக்குக் குடிபெயரும் நம் குடும்பத்தாருள் இரு வகையினரை அடிக்கடி காண்கிறோம். முதல் வகையினர் மண்ணடியையும் திருவல்லிக்கேணியையும் விட்டு நகர மாட்டார்கள். வெயில் எட்டிப் பாராத ஓர் அறை, நான்கு குடும்பங்களுக்கு ஒரு குழாய், பத்து மாத வாடகை முன்பணம்! ஏன் இந்தப் பாடு என்று வினவினால், "நம்மவர் தெரு, பயமில்லை" என்பர். இரண்டாம் வகையினர் வாடகை குறைவு என்ற ஒன்றையே கண்டு, கூடுவாஞ்சேரிக்கும் அப்பால், ரயிலடியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளடங்கிய மனைப்பிரிவில் போய்க் குடியேறுகின்றனர். முன்னவர் விசாலத்தைத் துறந்தனர். பின்னவர் பாதையை மறந்தனர்.

பின்னவரின் கணக்கை முதலில் பார்ப்போம். வாடகையில் மாதம் நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். தந்தைக்கு மண்ணடியில் வேலை. மகளுக்குத் தேனாம்பேட்டையில் கல்லூரி. மகனுக்கு இராயப்பேட்டையில் கல்லூரி. ரயிலடிக்குச் செல்ல ஷேர் ஆட்டோவுக்கு ஒருவருக்கு 20 ரூபாய், திரும்ப 20 ரூபாய் எனில், மூவருக்கும் நாளொன்றுக்கு 120 ரூபாய். இருபத்தைந்து நாட்களுக்கு 3,000 ரூபாய். எஞ்சியது ஆயிரம். நகருக்குள் இருந்தால் செலவாகும் நேரத்தைவிட ஒவ்வொருவருக்கும் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயணத்தில் கழிகிறது என்றால், மாதத்துக்கு 150 மணி நேரம். ஆயிரம் ரூபாய்க்கு நூற்றைம்பது மணி நேரத்தை விற்றுவிட்டு, சிக்கனம் செய்தோம் என்று மகிழ்கிறோம்!

இக்கணக்கில் எழுதப்படாத வரி ஒன்றுண்டு. மகள் ரயிலை விட்டு இறங்கும்போது இருட்டிவிடுகிறது. வழியில் பாதித் தூரத்துக்கு விளக்கில்லை. சில வாரங்கள் தந்தையோ தமையனோ எதிர்கொண்டு அழைத்து வருகின்றனர். பிறகு ஒரு நாள், "படித்தது போதும்" என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. நீதிபதி பஷீர் அகமது சயீது அவர்கள் 1955-இல் சென்னையில் மகளிர் கல்லூரியைத் தோற்றுவித்தபோது, நம் பெண்களுக்கு ஒரு வாசல் திறந்தது. அவ்வாசலை இன்று அடைப்பது மார்க்கத் தடையும் அன்று, ஊர்க் கட்டுப்பாடும் அன்று. யோசியாது கையெழுத்திட்ட ஒரு வாடகை ஒப்பந்தம்!

மலிவு ஏன் மலிவாயிற்று என்று கேட்பவரும் அரிது. ஏரியின் வயிற்றிலும் சதுப்பின் விளிம்பிலும் எழுந்த மனைகள் எத்தனை! 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் நீரில் மிதந்ததைக் கண்ட பின்னரும், வீட்டின் தரையைப் பார்க்கிறோமே தவிர, சுவரில் வெள்ளம் விட்டுச் சென்ற கறையைப் பார்ப்பதில்லை.

இனி முன்னவரிடம் வருவோம். அவர்களின் அச்சம் காரணமின்றிப் பிறந்ததன்று. 1997-இன் இறுதியில் கோவையில் நம்மவர் உயிரும் உடைமையும் பறிபோனதை நாம் மறக்கவில்லை. வெளியே வீடு கேட்டால், பெயரைச் சொன்னவுடன், "வேறொருவருக்குப் பேசிவிட்டோம்" என்ற பதிலும், "சைவ உணவினருக்கு மட்டும்" என்ற பலகையும் எதிர்ப்படுவதும் உண்மையே. இது அநீதி, அநீதி என்றே உரக்கச் சொல்வோம். ஆயின் அநீதிக்கு அஞ்சி ஒரே தெருவில் ஒடுங்குவது அதற்கு மாற்றாகுமா? நாம் ஒடுங்க ஒடுங்க, அத்தெருவின் வாடகை ஏறுகிறது. ஒரு வீட்டை நான்காகத் தடுத்து, வேறு போக்கிடமில்லாத சகோதரனிடம் பத்து மாத முன்பணம் கேட்போருள் நம்மவரும் இருக்கின்றனரே! அவர்களுக்கு இறையச்சம் வேண்டாமா?

திருவல்லிக்கேணியையே எண்ணிப் பாருங்கள். அங்கே வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது 1795-இல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கிருப்பது பார்த்தசாரதி கோயில். இரண்டுக்கும் இடையே நடந்தே போகலாம். நம்மவர் பேட்டை என நாம் பெருமையுறும் ஊரும் பிறரோடு கலந்து வாழ்ந்த ஊர்தான். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 36-ஆம் வசனம், உறவினரான அண்டை வீட்டாருக்கு மட்டுமன்றி, அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது. அந்நியர் அண்டையில் இருப்பார் என்று மறையே எதிர்பார்க்கும்போது, நாம் மட்டும் ஏன் மறுக்கிறோம்?

பள்ளிவாசலும் வேண்டும், போக்குவரத்தும் வேண்டும் என்போருக்கு இடமில்லாமற் போகவில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. பல்லாவரம் அப்பாதையில்தான் உள்ளது. ஆலந்தூருக்கு 2015-இல் மெட்ரோ ரயில் வந்தது. பெரம்பூர் பழைய ரயிலடி. மூன்றிலும் பாங்கொலி கேட்கிறது. ரயிலடியிலிருந்து பத்து நிமிட நடையில் சிறு வீடு கிடைத்தாலும், அப்பாலுள்ள பெரிய வீட்டைவிட அதுவே குடும்பத்துக்கு விசாலமானது.

குடும்பத் தலைவர்களே! முன்பணம் கொடுக்குமுன், மகளையும் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ரயிலடியிலிருந்து வீடுவரை பகலில் ஒருமுறை, இஷாவுக்குப் பின் ஒருமுறை நடந்து பாருங்கள். கடைசிப் பேருந்து எப்போது என்றும், கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும், 2015-இல் வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்றும் அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். அந்த உரையாடலிலேயே அண்டை வீட்டாரின் குணமும் தெரிந்துவிடும்.

ஜமாஅத் பெருமக்களே! நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கிறீர்கள். காலியான வீடுகளுக்கு ஒரு பதிவேடு வைப்பதில் என்ன தடை? புதிதாய் வரும் குடும்பத்துக்காக வீட்டுரிமையாளரிடம் சென்று, "இவர் நல்லவர், நாங்கள் அறிவோம்" என்று சொல்ல இரு பெரியவர் முன்வரலாகாதா? வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும், வேறு உடன்பாடு இல்லையேல் முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது என்பதும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். இதை ஜும்ஆ மேடையில் ஒரு முறையேனும் எடுத்துச் சொல்லுங்கள். அலங்கார விளக்குகளுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை, நம் பெண்பிள்ளைகள் நடந்து வரும் இருண்ட தெருவுக்கு விளக்கு கேட்டு மனுப்போடும் முயற்சிக்குச் செலவிடுங்கள். அவள் அச்சமின்றி வீடு திரும்பட்டும். நாளையும் கல்லூரிக்குப் புறப்படட்டும்!